ஒரு பக்கம் மட்டும் தேய்த்தவர்

கண்ணுங்களா, போன வாரம் பல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு நீங்கள் இரண்டு பேரும் என்னோடு சண்டை போட்டீர்கள். "வலியே இல்லாதப்ப எதுக்குப்பா ஆறு மாசத்துக்கு ஒரு தபா எங்கள இஸ்துகினு வர?" என்று பெரியவள் கேட்டாள். "அப்பாவுக்கு இது ஒரு வியாதி, வுட்ரு" என்றான் சின்னவன். உங்கம்மா சிரித்தாள். டோக்கன் நம்பர் கூப்பிடுகிற இடத்தில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

நான் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். லீவு லெட்டருக்கு மேல் எழுதியதில்லை. ஆனாலும் இதை எழுதித்தான் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் உங்கம்மா பக்கத்தில் இருப்பாள், ஓர் இடத்தில் நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

பதிலில் ஒரு மனிதர் இருக்கிறார். அவரைக் கேட்காமல் அவர் பெயரை எழுதுவது முறையில்லை, அதனால் எழுதவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம் நான் வேலை பார்த்த வால்வு கம்பெனியில் அவர் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் இருந்தார். நாங்கள் லேத்தில் கடைந்து தள்ளுகிற பீஸை அளந்து பார்த்து, சரி என்றால் பச்சை ஸ்டிக்கர், தப்பு என்றால் சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள் ஒட்டுவது அவர் வேலை. என்னைவிட மூன்று வயதோ நான்கு வயதோ பெரியவர். ஆவடியில் வீடு. ஒல்லி. உட்காரவே மாட்டார். அவருக்கென்று கொடுத்த ஸ்டூலில் டிபன் பாக்ஸ்தான் உட்கார்ந்திருக்கும். சாப்பிடும்போதும் கையில் டப்பாவை வைத்துக்கொண்டு டேபிளைச் சுற்றி நடப்பார். "அண்ணாத்தே, சோறு ஓடிப் போயிடாது, குந்திக்கினு துன்னு" என்று யாராவது சொன்னால், "குந்தினா தூக்கம் வருது, தூக்கம் வந்தா தப்பு பாஸாயிடுது" என்பார்.

அவருடைய குணம் ஒன்றுதான். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். நம்பாததோடு விட்டாலும் பரவாயில்லை, அளந்து முடிக்கிறவரை அவருக்கு இருப்புக்கொள்ளாது, நம்மையும் இருக்க விடமாட்டார். கேன்டீனில் டீ குறைவாக இருக்கிறது என்று எல்லோரும் முணுமுணுத்தபோது, அவர் ஸ்டோரிலிருந்து அளவுக் குவளை எடுத்துவந்து எட்டு டம்ளரை ஊற்றிப் பார்த்துவிட்டு, "டீ கரெக்டா கீது, டம்ளர்தான் பெர்சா மாத்திட்டான்" என்று கேன்டீன்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னவர். அன்று முழுக்க அவரோடு யாரும் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

நான் சேர்ந்த புதிதில் நாற்பது பீஸ் கடைந்து டிரேயில் வைத்தேன். துளை விட்டம் எல்லாம் கச்சிதம். நான் அளந்துதான் வைத்தேன். அவர் ஒரு பீஸை எடுத்தார், உள்ளே டெப்த் கேஜை விட்டார், என்னைப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. டிரே மொத்தத்துக்கும் சிவப்பு ஸ்டிக்கர்.

"வாய அளந்துட்டா ஆச்சா நைனா? வயித்த யாரு அளப்பா?"

ஆழம் குறைந்திருந்தது. வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. நாற்பது பீஸையும் மறுபடி மெஷினில் ஏற்றினேன். மனசுக்குள் அவரைத் திட்டினேன். ஆனால் அன்றிலிருந்து நான் ஆழம் அளக்காமல் ஒரு பீஸ்கூட வைத்ததில்லை.

ஒருநாள் கேன்டீன் வாஷ்பேசினில் வாய் கொப்பளித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பேசினில் ரத்தம். "எங்க ஊட்ல எல்லாத்துக்கும் நாப்பத்தஞ்சு வயசுல பல்லு டம்ளர் தண்ணில மொதக்கும் நைனா" என்றார். "எங்க அப்பனுக்கு, எங்க அண்ணனுக்கு. காலைல எந்திரிச்சா டம்ளர் மாறிப் போயி ஒருத்தர் பல்ல இன்னொருத்தர் மாட்டிக்கினு சண்ட. எனக்கு இப்ப நாப்பத்தி ரெண்டு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று மதியம் சாப்பிடாமல் நடந்துகொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் ஈறுதான் அவருக்கு எல்லாமே. போனில் எதையெதையோ படித்தார். கருவேலம்பட்டையில் இருக்கிற துவர்ப்புக்கு டானின் என்று பெயராம், அது சதையை இறுக்குமாம். மஞ்சளில் வீக்கத்தை வடிக்கிற சத்து, கிராம்பில் வலியை மரக்க வைக்கிற சத்து, கொய்யா இலையில் கிருமியைத் தடுக்கிற சத்து. கடுக்காய், மாசிக்காய் வாங்க பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடைக்குப் போவார். பட்டையை மட்டும் கடையில் வாங்கமாட்டார், ஆவடி ரயில்வே லைன் ஓரத்து மரத்தில் அவரே சீவிக்கொண்டு வருவார். "கடைல இன்னா மரத்த கலந்தானோ, எவன் கண்டான்?" மொட்டைமாடியில் காயவைத்து, இடித்து, வேட்டித் துணியில் மூன்று தபா சலித்து, சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, மேலே ஸ்டிக்கரில் நம்பர் போடுவார். முதல் நம்பரில் பட்டை மட்டும். இரண்டாம் நம்பரில் கடுக்காய் கூடும். ஒரு சமயத்தில் ஒரு சரக்குத்தான் மாற்றுவார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி.

அவருடைய ஆசை ரத்தம் நிற்பது மட்டும் இல்லை. கீழே இறங்கிப்போன ஈறு திரும்ப வளர வேண்டும். "கை வெட்டினா ஆறுது. பல்லிக்கு வாலே மொளைக்குது. ஈறு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு நைனா?" இதை அவர் என்னிடம் நூறு தடவை கேட்டிருப்பார். நூறு தடவையும் நிஜமாகவே கேட்டார்.

இப்போது நீங்கள் சிரிக்கப்போகிற இடம். அந்தப் பொடியை அவர் வலது பக்கத்து ஈறில் மட்டும்தான் தேய்த்தார். இடது பக்கத்துக்கு வெறும் பிரஷ், பேஸ்ட். காரணம் கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் தேச்சி நல்லாயிட்ச்சின்னா, பொடியால நல்லாச்சா, தானா நல்லாச்சான்னு எப்டி சொல்லுவ? ஒரு பக்கம் சொம்மா கெடக்கணும். அப்பதான் பக்கத்துல வெச்சு பாக்க முடியும்."

"அந்தப் பக்கம் கெட்டுப் போச்சுன்னா?"

"கெட்டாத்தான தெரியும்?"

அவர் இதை வெகு சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. தன் வாயில் பாதியை ஒரு மனிதர் சாட்சிக்கு நிறுத்திவைப்பாரா?

கம்பெனியில் அவரிடம் பொடி வாங்கிய எல்லோருக்கும் இதே சட்டம். மொத்தம் இருபத்துமூன்று பேர். ஒரு பக்கம் மட்டும்தான் தேய்க்க வேண்டும், வேறு யாருக்கும் பங்கு கொடுக்கக் கூடாது, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வாயைக் காட்ட வேண்டும். காசு வாங்கமாட்டார், வாயைக் காட்டினால் போதும். நோட்டில் பெயர், வயது, சுகர் உண்டா, பாட்டில் நம்பர், எந்தப் பக்கம் எல்லாம் இருக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் வரிசையாக நிற்கவைத்து உதட்டைத் தூக்கி, வெர்னியர் அளவுகோலை டெட்டால் போட்டுத் துடைத்து, பல் எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறது என்று அளப்பார்.

"மாமே, லெப்ட் பக்கம் பொண்டாட்டிக்கா, ரைட்டு பக்கம் பல்லு இன்ஸ்பெக்டருக்கா?" என்று பிரஸ் ஷாப்பில் ஒருத்தன் கத்துவான்.

"டேய், நீ மொத ஹான்ஸ் பொகயிலய துப்பு. வாயா அது, கூவமா?" என்பார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான் என்று அவர் சம்சாரம் ஒருமுறை என்னிடம் சொன்னார்கள். "எல்லாரும் பாட்டு பாடினா இவரு பாட்டயா கேக்குறாரு? யாரு வாயில ஈறு செவந்துகீதுன்னு எண்ணிக்கினு கீறாரு. சாமியார் பிரசங்கம் பண்றப்போ நேரா அவரு வாயவே பாக்குறாரு, அந்த மனுசன் கூச்சப்பட்டு சீக்கிரமா முடிச்சிட்டாரு."

மூன்று மாதத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. வலது பக்கம் ரோஜா நிறத்தில் இறுகி, பிரஷ் பட்டாலும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இடது பக்கம் வீங்கி, கருஞ்சிவப்பாக, ஆப்பிளைக் கடித்தால் ஆப்பிளில் ரத்தக் கறை. அவர் வாயை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து எங்களுக்குக் காட்டிய நாள் ஞாபகம் இருக்கிறது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "பச்ச ஸ்டிக்கரு நைனா!" என்றார். எனக்கும் சந்தோஷம். ஏனென்றால் என் வீட்டிலும் ஒரு பாட்டில் இருந்தது.

உங்கம்மாவுக்கு அப்போது பல் தேய்த்தாலே ரத்தம். சின்னவன் பிறந்த பிறகு ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. டாக்டரிடம் போகலாம் என்றால், "பல்லுக்குப் போயி யாராவது டாக்டருகிட்ட போவாங்களா?" என்பாள். நான் பொடி கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு பக்கம் என்ற சட்டத்தையும் சொன்னேன். "உங்க அண்ணாத்தேக்கு புத்தி கீதா? வலிக்கிற பக்கத்த வுட்டுட்டு எவளாவது தேய்ப்பாளா?" என்று இரண்டு பக்கமும் தேய்த்தாள். இரண்டு பக்கமும் ரத்தம் நின்றது. நான் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தார், ஒரு கன்னம் உப்பியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாக ஸ்க்ராப் யார்டு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் நிற்காமல் நடந்துகொண்டே பேசினார். நானும் கூடவே நடந்தேன்.

இடது பக்கம் சீழ் வைத்துவிட்டது. பூந்தமல்லி ரோட்டில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, நுனியில் கோடு கோடாக அளவு போட்ட ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்த்தார்களாம்.

"ஆழம் நைனா. ஆழம் பாக்குறாங்க. லெப்ட்ல ஆறு, ஏழு மில்லிமீட்டர்ன்னு சொல்லிக்கினே வர்றாங்க, பக்கத்துல ஒரு பொண்ணு எழுதிக்கினு கீது. சரி, நம்ம ரைட்டு வரட்டும்னு பெருமையா வாய தொறந்துகினு கீறேன். ரைட்ல ஆறு. ஏழு. ஒரு எடத்துல எட்டு."

"வீக்கமே இல்லையே அண்ணே?"

"அதான். மேல சதைய இறுக்கி வெச்சிருக்கேன். உள்ள பல்லோட வேர்ல கல்லு மாரி காரை ஒட்டிக்கினு கீது. அத எடுக்காம மேல பூசினா, அது உள்ளயே எலும்ப துன்னுகினு கீது. ரெண்டு பக்கமும் ஒரே ஆழம். லெப்ட் பக்கம் ரத்தம் வுட்டு உண்மைய சொல்லிச்சு. ரைட்டு பக்கம் சிரிச்சிக்கினே பொய் சொல்லிச்சு. நான் உண்மைய சொன்ன பக்கத்த கேவலமா பாத்தேன்."

கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். ஒரு வார்த்தை சொல்வதற்காக அவர் நடையை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான்.

"நாப்பது பீஸுக்கு உன்ன நிக்க வெச்சு திட்டினேன் பாரு. நானும் வாயத்தான் அளந்திருக்கேன் நைனா."

பொடி கெட்டது இல்லை என்று அந்த டாக்டரம்மாவே சொன்னார்களாம். காரையைச் சுத்தமாக எடுத்த பிறகு தேய்த்தால் வீக்கம் வடிய நல்லதுதான், பட்டையிலும் மஞ்சளிலும் இருக்கிற சத்தை வைத்து நிறையப் பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள், ஆனால் போன எலும்பையும் இறங்கின ஈறையும் திரும்ப முளைக்கவைக்கிற பொடி ஒன்றும் எங்கள் கையில் இன்னும் இல்லை என்றார்களாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பல்லி வாலைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை.

கம்பெனியில் ஒரு பீஸில் தப்பு இருப்பது அனுப்பிய பிறகு தெரிந்தால், அந்த லாட் முழுவதையும் திருப்பி எடுக்க வேண்டும். கஸ்டமர் நன்றாக ஓடுகிறது என்றாலும் எடுக்க வேண்டும். அதைத்தான் அவர் செய்தார். இருபத்துமூன்று பாட்டிலையும் திருப்பி வாங்கக் கிளம்பினார். ஷிப்ட் முடிந்து, வீங்கின கன்னத்தோடு, பைக்கில் கொரட்டூர், திருமுல்லைவாயல், திருவேற்காடு என்று சுற்றினார். பாட்டிலை வாங்கி மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிப் பைக்குள் போடுவார். "நாளைக்கே போய் ஆழம் பாரு" என்பார். நோட்டில் டிக் அடிப்பார். நிறையப் பேர் திட்டினார்கள். நல்லா இருக்கிறதை எதற்குப் பிடுங்குகிறாய் என்றார்கள். ஒருத்தர் நாயை அவிழ்த்துவிட்டாராம்.

எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை காலையில் வந்தார். நீங்கள் இரண்டு பேரும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"குந்துங்க அண்ணா, காபி போடறேன்" என்றாள் உங்கம்மா.

"வாணாம் தங்கச்சி. அந்த பாட்டில எட்தா."

"ஏன்? நல்லா கீதே! ரத்தமே வர்ல."

"அதான் பயமா கீது."

எனக்குக் கோபம் வந்தது. இவரை நம்பி நான் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பேன்! "நீயே குடுப்ப, நீயே புடுங்குவ, இன்னாண்ணே விளையாட்டு இது?" என்றேன். அவர் உங்கம்மா கொண்டுவந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கால்வாசிகூட இல்லை. பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு சிட்டிகைன்னா இன்னும் பாதி கீணும். வேற யாருக்காச்சும் குடுத்தியா நைனா?"

கொடுத்திருந்தேன். எங்கள் கம்பெனி கேட் வாட்ச்மேனுக்கு. திருவண்ணாமலைப் பக்கத்து மனிதர். ஒரு பல் ஆடுகிறது, சாப்பிட முடியவில்லை என்றார். நான் பெரிய வைத்தியர் மாதிரி ஒரு பேப்பரில் பாதிப் பொடியைக் கொட்டி மடித்துக் கொடுத்தேன். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் அண்ணாத்தே வைத்த சட்டத்தை மீறினேன் என்பதோடு, இப்போதுதான் அவரிடம் குரல் உயர்த்தியிருந்தேன். உடனே இறங்கிவர மனசு வரவில்லை.

"இல்லண்ணே. இவதான் கீழ கொட்டிட்டா" என்றேன்.

உங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவமானப்பட்டிருப்பேன். அதனால் கொட்டாத பொடியைக் கொட்டினவளாக நின்றாள். நான் குதித்துத் தாண்டிவிடுவேன் என்று சொன்ன இடம் இதுதான்.

அவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நோட்டில் என் பெயருக்கு நேரே டிக் அடிக்கவில்லை. சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

அதன்பிறகு அவர் என்னை விடவில்லை. தினமும் மெஷின் பக்கத்தில் வந்து நிற்பார். "தங்கச்சிய இட்டுகினு போனியா?" போகவில்லை என்றால் நான் கடைந்த பீஸை எடுத்து ஆழம் பார்த்துவிட்டு வைப்பார். ஒன்பது நாள் இப்படி. பத்தாவது நாள் தாங்க முடியாமல் அரை நாள் லீவு போட்டு உங்கம்மாவைக் கூட்டிப்போனேன்.

டாக்டர் கம்பியை வைத்துப் பார்த்தார்கள். முன்பல் இரண்டில் ஆறு மில்லிமீட்டர். ரத்தப் பரிசோதனையில் சுகர் இருப்பதும் தெரிந்தது, அதுவரை எங்களுக்குத் தெரியாது. "வலியும் இல்ல, ரத்தமும் இல்லன்னு இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா, பல் ஆடும்போதுதான் வந்திருப்பீங்க. அப்ப என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார்கள். நான்கு தடவை போய் உள்ளே சுத்தம் செய்தோம். இன்று உங்கம்மா சிரிக்கிறாளே, அந்தப் பல் இரண்டும் அவர் பிடுங்கிக்கொண்டு போன பாட்டிலால் மிஞ்சியவை.

அவருக்கு மிஞ்சவில்லை. இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் ஒன்று எடுத்தாயிற்று. "லெப்ட் பக்கம் ரெண்டு, நான் வேணும்னே வுட்டது. ரைட்டு பக்கம் ஒண்ணு, நான் ஏமாந்தது" என்று கணக்குச் சொல்வார். அதிலும் யாரையும் குறை சொல்லமாட்டார்.

அவர் வேலை பார்த்த செக்‌ஷனை ஓசூருக்கு மாற்றினார்கள். கடைசி நாளன்று எல்லோரும் கேக் வெட்டி, போட்டோ எடுத்து, "போயிட்டு வா மாமே, ஓசூர்காரன் வாய வுட்டு வைக்காத" என்று கலாட்டா செய்தோம். கிளம்பும்போது பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

"நைனா. இருவத்திரெண்டு டிக் கீது. உன் வட்டம் மட்டும் வட்டமாவே கீது."

"கொட்டிட்டான்னு சொன்னேனேண்ணே."

"தங்கச்சி கொட்டிருந்தா, பாட்டிலு வெளிப்பக்கம் பொடி ஒட்டிருக்கும், தரைல மஞ்சக் கறை கீணும். நான் ரெண்டையும் பாத்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு எதுவும் சொல்ல வாணாம். அந்த ஆளு யாருன்னு உனக்கு தெரியும். வலிக்காம கீதேன்னு அந்த ஆளு சொம்மா கீறான் பாரு, அதான் எனக்கு தூங்க முடியல" என்றார். போய்விட்டார்.

வாட்ச்மேன் அதற்கு முன்பே எங்கள் கேட்டை விட்டுப் போயிருந்தார். விசாரித்தேன். நூம்பலில் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு அப்பார்ட்மென்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து நேரே அங்கே போனேன். சாயங்காலம், சிமெண்ட் மூட்டை பக்கத்தில் உட்கார்ந்து ட்ரம் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்தார். சிரித்தார். முன்னால் மூன்று பல் இல்லை.

"ஒண்ணுதானண்ணா ஆடுச்சு?" என்றேன்.

"மூணும் ஆடுச்சு சார். ஆனா நீங்க குடுத்தீங்களே ஒரு பொடி, தெய்வம் சார் அது! துளி வலி இல்ல. நானே கைய வுட்டு ஆட்டி ஆட்டி எடுத்துட்டேன். வலி இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிருப்பேன், வேலை கெட்டிருக்கும். பொடி தீந்துபோச்சு சார். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? கீழ ரெண்டு ஆட ஆரம்பிச்சிருக்கு."

கிராம்பு வலியை மரக்க வைத்திருக்கிறது. பட்டை ரத்தத்தை நிறுத்தியிருக்கிறது. அவர் என்னைக் கும்பிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். பொடி இல்லை, அது தப்பு, அதை நான் உங்களுக்குக் கொடுத்திருக்கவே கூடாது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "தப்பு இல்ல சார், நல்லா வேலை செஞ்சுது" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். நாளைக்கே பல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். நைட் டியூட்டி முடிந்து எட்டரை மணிக்குத்தான் வரமுடியும், ஆஸ்பத்திரியில் அதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும் என்றார். நான் வாங்கி வைக்கிறேன், நீங்கள் வந்தால் போதும் என்று சொல்லி, அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் உங்கம்மாவிடம் வேலை சீக்கிரம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆறரை மணிக்குக் கிளம்பினேன். ஆஸ்பத்திரி கேட் திறக்கவில்லை. எனக்கு முன்னால் பதினோரு பேர். கன்னத்தில் துண்டு கட்டினவர்கள், தூங்கி வழிகிற குழந்தைகள். நான் மட்டும் வலி இல்லாமல் நின்றேன். ஏழரைக்கு ஷட்டரைத் தூக்கினார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"பேஷண்ட் பேரு?"

எனக்குத் தெரியவில்லை. நான்கு வருஷம் தினமும் அவர் திறந்த கேட் வழியாகத்தான் உள்ளே போனேன். முந்தின நாள்கூட நம்பரை 'வாட்ச்மேன்' என்றுதான் சேவ் செய்திருந்தேன்.

"ஒரு நிமிஷம்மா" என்று வரிசையை விட்டு விலகி, சுவரோரமாகப் போய் நின்று போன் போட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்.

"அண்ணா, நான்தான். உங்க பேரு இன்னா?"